டினேஷ் லெம்பேட் அன்பளிப்பு

டினேஷ் லெம்பேட் ஒன்பது நாடுகளில் உதைபந்தாட்டம் ஆடியவர் என்று சங்குமுனையில் எந்தச் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். டினேஷ் லெம்பேட்டைக் கேட்டால் மட்டும் அவன் அப்படிச் சொல்லமாட்டான். நினைவு தெரிந்த நாளிலிருந்து மன்னார்த் தீவை விட்டு அவன் போன தூரம் மடுத் திருநாளும் ஒரு தடவை வவுனியா ஆஸ்பத்திரியும்தான். பந்தைக் காலால் தொட்டது பாடசாலையோடு சரி. ஒன்பது நாடும் போய் வந்தவன் அவனுடைய அண்ணன் றொகான். தம்பியின் பேரைப் போட்டுக்கொண்டு போனான், அவ்வளவுதான்.

இதில் குழம்ப ஒன்றும் இல்லை. மரிசால் லெம்பேட் என்ற மீன்பிடிகாரர் தன் மூத்த மகனுக்கு றொகான் என்றும் இளையவனுக்கு டினேஷ் என்றும் ஞானஸ்நானத்தில் பேர் வைத்தார். நானும் அவர்களை அப்படியே அழைக்கிறேன். மாற்றி அழைத்தது ஊர்.

ஓலைத்தொடுவாய்க்கு அப்பால் கிடக்கிற சின்னக் கரையூர் சங்குமுனை. கோயில் ஒன்று, மைதானம் ஒன்று, கடற்தாரகை விளையாட்டுக் கழகம் ஒன்று. இந்த மூன்றில் ஊர் எதை அதிகம் கும்பிட்டது என்று பங்குச் சுவாமிக்கே சந்தேகம் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, பதினேழு வயதுக்குட்பட்டவர்களைத் தெரிவு செய்யக் கொழும்பிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஊரில் ஆடத் தெரிந்தவன் றொகான் ஒருவன்தான். அவனுக்கோ பதினெட்டு வயதும் நாலு மாதமும். தம்பி டினேஷுக்குப் பதினாறு.

அப்போது கழகச் செயலாளராக இருந்தவர் பெனடிக்ற். ஊரில் மூளை என்றால் அது தன் தலைக்குள்தான் இருக்கிறது என்று நம்புகிறவர். லெம்பேட் வீட்டுப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இடப்பெயர்வில் தொலைந்து போயிருந்தன. இருவருக்கும் அடையாள அட்டையும் இன்னும் எடுக்கவில்லை. பெனடிக்ற் இரண்டு நாள் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் தம்பியின் ஞானஸ்நானத் துண்டு அண்ணனுக்கும், அண்ணனுடையது தம்பிக்கும் போய், அதை வைத்தே மற்றக் கடதாசிகள் எல்லாம் பிறந்தன. தம்பியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அப்போது கடற்கரையில் வலையில் சிக்கிய நண்டு கழற்றிக்கொண்டிருந்தான்.

கடதாசி மட்டும் போதுமா? ஊரின் வாய் இருக்கிறதே. ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்ததும் பெனடிக்ற் கோயில் வாசலில் ஒரு கதிரையில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்கோ. இண்டைக்குத் துவங்கி றொகான்தான் டினேஷ். டினேஷ்தான் றொகான். கொழும்பு ஆக்கள் வந்து போகுமட்டும் ஒருத்தரும் வாய் தவறக் கூடாது. தவறினா ஊருக்குத்தான் கேடு."

ஒரு கிராமமே இரண்டு கிழமை ஒத்திகை பார்த்தது. பொய் சொன்னதற்கு மூன்று அருள்நிறை மந்திரம் தண்டனையாகச் சொல்லிப் பழகிய சனம், இதைப் பொய் என்றே நினைக்கவில்லை. கழகத்துக்குச் செய்கிற சேவை என்று நினைத்தது. கடைக்காரன் அண்ணனை டினேஷ் என்று கூப்பிட்டுப் பழகினான். வாத்தியார் வரவேட்டில் திருத்தினார். பெற்ற தாய்க்கு மட்டும் வரவில்லை. "றொ..." என்று தொடங்கி விழுங்கிவிடுவாள். கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி, இரண்டு பேரையும் வெறும் "மகன்" என்று கூப்பிடுவது. சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

தெரிவு நாளன்று வங்காலைப் பெடியன்களோடு ஆட்டம். இதைச் சொல்லத்தான் வேண்டும், றொகான் ஆடினான். நடுக் கோட்டிலிருந்து பந்தை எடுத்து, மணல் தெறிக்க நாலு பேரைக் கழித்து, இடது காலால் அடித்த அடியில் வலை ஒரு பக்கம் கழன்று விழுந்தது. ஊர் முழுக்க "டினேஷ்! டினேஷ்!" என்று தொண்டை கிழியக் கத்தியது. கோட்டோரம் நின்ற பதினாறு வயது டினேஷுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் பேரை இத்தனை வாய்கள் ஒன்றாகச் சொல்லி அவன் கேட்டதேயில்லை. பெருமையாகத்தான் இருந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கு அவனே அந்தப் பேரைக் கழற்றி அண்ணனுக்குக் கொடுத்திருப்பான்.

கடலால் வந்த மரிசால் மட்டும் விஷயம் அறிந்து குதித்தார். "ஞானஸ்நானத்தில வைச்ச பேரை மாத்த நீங்கள் ஆர்?"

"ரெண்டு வருசத்துக்குத்தான் அண்ணை," என்றார் பெனடிக்ற். "பிறகு மாத்திக் குடுத்திடலாம்."

அந்த இரண்டு வருடம் இருபது வருடமாகியது.

இனி அந்தப் புகழ் வாய்ந்த வாழ்க்கை. கொழும்பில் ஒரு கழகம், பிறகு இன்னொன்று. அங்கிருந்து மாலைதீவு. மாலைதீவில் ஒரு பருவம் முழுக்க அண்ணன் மாற்று ஆட்டக்காரர் இருக்கிற வாங்கில் இருந்தான். இருந்த வாங்கு நிழலில் இருந்ததாம், அதைப் பெருமையாகச் சொன்னான். பங்களாதேஷில் பயிற்றுநர் மூன்று மாதத்தில் மாறினார், புதியவருக்கு அண்ணனின் முகம் பிடிக்கவில்லை. பூட்டானில் மலை உயரத்தில் மூச்சு வாங்கி இருபதாம் நிமிடத்தில் தோளில் கைபோட்டு வெளியே கூட்டி வந்தார்கள். மொங்கோலியாவிலிருந்து உரோமத் தொப்பி போட்ட படம் வந்தது. படத்தில் பனி இருந்தது, தொப்பி இருந்தது, பந்து மட்டும் இல்லை. ஒன்பது நாட்டில் பதினான்கு கழகம். ஒரு கழகத்திலும் இரண்டாவது தடவை கூப்பிட்டு ஆள் அனுப்பியதாகத் தகவல் இல்லை. சங்குமுனையோ ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்துக் கழகக் கட்டிடத்தில் ஒட்டியது. எங்கள் சர்வதேச நட்சத்திரம் டினேஷ் என்று கீழே எழுதியது. எத்தனை கோல் என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை நாடு என்றுதான் கேட்டார்கள்.

இங்கே நிஜ டினேஷ் றொகானாகக் காலம் தள்ளினான். சண்டைக் காலத்தில் ஒருநாள் சோதனைச் சாவடியில் "நம மொகத?" என்று ஆமிக்காரன் பேரைக் கேட்க, இவன் பழக்கதோஷத்தில் "டினேஷ்" என்றுவிட்டான். அட்டையில் றொகான். மத்தியானம் முழுக்க வெயிலில் முழங்காலில் இருத்தினார்கள். அதே மத்தியானம் அண்ணன் மாலைதீவில் நிழல் வாங்கில் இருந்திருப்பான் என்று கணக்குப் பார்த்தால் தெரியும்.

பிறகு கலியாணம். கோயில் பதிவேட்டில் மட்டும் பெனடிக்ற்றின் கை எட்டவில்லை. ஆகவே கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்தபோது மாப்பிள்ளையின் பேர் டினேஷ். பதிவுக் கந்தோரில் எழுத்து முடித்தபோது றொகான். மனைவி அஞ்சலா கோபம் வந்தால் இன்றைக்கும் அதைத்தான் எடுப்பாள். "நான் கோயிலில ஒருத்தரைக் கட்டினனான், கந்தோரில ஒருத்தரைக் கட்டினனான். இதில ஆர் இப்ப சோறு கேக்கிறது?" மகள் கிருஷிகாவின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் றொகான். படகின் அனுமதிப் பத்திரத்தில் றொகான். இப்படிப் பேர் இறுகிக்கொண்டே போனது.

ஒரு தடவை, ஒரேயொரு தடவை, அண்ணன் நாட்டு அணிக்காகக் கடைசி ஏழு நிமிடம் மைதானத்தில் இறங்கினான். டினேஷ் காமிலின் தேத்தண்ணிக் கடையில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தான். சண்டை முடிந்த பிறகு புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வந்து கடை போட்டவன் காமில். ஊரின் ஒத்திகையில் அவன் இல்லை. அறிவிப்பாளர் "டினேஷ் லெம்பேட்" என்று சொன்னதும் டினேஷின் கண் கலங்கியதைப் பார்த்து என்னவென்று கேட்டான். டினேஷ் முழுக்கதையையும் அவிழ்த்தான்.

"அப்ப உன்ர பேர் ஏழு நிமிசம் ஓடியிருக்கு மச்சான்," என்றான் காமில். "களைச்சிருக்கும். நீ தேத்தண்ணியைக் குடி."

இது வரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். வாடிக் காணி வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

மைதானத்தின் கடற்பக்க எல்லையோடு மரிசாலுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் ஓலை வாடி. படகை இழுத்து ஏற்றவும், வலை காயவும், இயந்திரம் வைக்கவும், கருவாடு போடவும் அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே இடம் அது. கரையில் வேறு இடமெல்லாம் உல்லாச விடுதிக்காரருக்கும் கடற்படைக்கும் போய்விட்டது. அந்தக் காணி இல்லாவிட்டால் டினேஷ் படகை வைத்திருப்பதில் அர்த்தமில்லை. கூலிக்குத்தான் இன்னொருவனின் படகில் ஏறவேண்டும். கிழவர் தன் கடைசிக் காலத்தில், கூடவே கடலில் நின்ற இளையவனுக்கு அதை எழுதிவிட நினைத்தார். நியாயமான நினைப்பு. செய்த விதம்தான் மரிசாலுடையது.

"ஞானஸ்நானப் பேருக்குத்தான் எழுதுவன்," என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆண்டவரிடம் இருக்கும் புத்தகமும் காணி எழுதுகிற நொத்தாரிசிடம் இருக்கும் புத்தகமும் ஒன்றுதான் என்பது அவருடைய எண்ணம். டினேஷ் என்ற பேருக்கு அடையாள அட்டைப் பிரதி கேட்டார் நொத்தாரிசு. கிழவர் வீட்டு அலுமாரியில் கிடந்த பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் இருந்தது மூத்தவனின் முகம்.

"முகத்தை ஆர் பாக்கினம்? பேர் சரியா இருக்கோ இல்லையோ?" என்று கேட்டுவிட்டு, காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து இளையவனின் கையில் வைத்தார். "மகன், உன்ர பேருக்கு எழுதிப்போட்டன்."

டினேஷ் அதை வாசித்தான். சட்டத்தின்படி வாடிக் காணி மொங்கோலியாவில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்குப் போயிருந்தது. கிழவரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. "ஓம் அப்பா," என்றான். எட்டு மாதத்தில் மரிசால் கண்ணை மூடினார்.

அடக்கம் முடிந்த கிழமையே டினேஷ் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தான். ஒரு நாளைக்கு வந்து, நொத்தாரிசுக்கு முன்னால் காணியை றொகான் என்ற பேருக்கு மாற்றி எழுதினால் போதும்.

"டேய், நான் வந்து ஒரு கையெழுத்து. ரெண்டு நிமிசம். இதுக்குப்போய் யோசிக்கிறியே?" என்றான் அண்ணன். அந்த இரண்டு நிமிடம் ஐந்து வருடமாக வந்துகொண்டே இருந்தது. வந்த இரண்டு தடவையும் நொத்தாரிசு இல்லாத சனி ஞாயிறில்தான் அவன் கால் ஊரில் பட்டது.

போன வருடம் கம்போடியாவில் முழங்கால் பிசகி, ஆட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு சூட்கேசோடு அண்ணன் வந்து இறங்கினான். கடதாசிப்படி முப்பத்தாறு வயது, உண்மையில் முப்பத்தெட்டு. வெளிநாட்டில் கிழவனானதற்குத் தம்பியின் வயதும் உதவவில்லை. ஊர் மேளம் கொட்டி அழைத்தது. திருநாள் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்தன்று மைதானத்தில் மேடை போட்டுக் கௌரவிப்பு என்று ஏற்பாடு. பெனடிக்ற் இப்போது கழகத் தலைவர்.

"திங்கக்கிழமை நொத்தாரிசிட்டப் போவம் அண்ணை," என்றான் டினேஷ்.

"ஓமடா. திருநாள் முடியட்டும்."

மேடையில் பொன்னாடை போட்டார்கள். மாலை போட்டார்கள். ஒன்பது நாட்டின் கொடியையும் தகரத்தில் கீறிக் கட்டியிருந்தார்கள். அதில் இரண்டு கொடி பிழை, அண்ணனுக்கும் அது தெரியவில்லை. அவன் ஒலிவாங்கியைப் பிடித்து அரை மணித்தியாலம் பேசினான். உலகம் எங்கும் ஆடினாலும் சங்குமுனை மணல்தான் தன் இரத்தத்தில் ஓடுகிறது என்றான். இருபது வருடத்தில் அந்த மணலில் அவன் மொத்தமாக நின்றது இருபது நாள் வருமோ என்னவோ. சனம் கைதட்டியது. தட்டத் தட்ட அவனுக்கு ஏறிக்கொண்டே போனது. பெனடிக்ற் பக்கத்தில் வந்து, தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை நீட்டினார்.

"எங்கட கழகத்துக்கு ஒரு பார்வையாளர் அரங்கு இல்லை," என்றான் அண்ணன். "ஆனபடியா மைதானத்தோட இருக்கிற, என்ர பேரில இருக்கிற வாடிக் காணியைக் கழகத்துக்கு அன்பளிப்பாத் தாறன்."

ரசிகனுக்குப் போடுகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டிக் கையெழுத்துப் போட்டான். மைதானம் அதிர்ந்தது. அது மேடையில் திடீரென்று வந்த தாராளம் இல்லை. கடிதம் அதற்கு முன்பே தட்டச்சாகி இருந்ததே.

டினேஷ் மூன்றாம் வரிசையில் இருந்தான். அஞ்சலா அவன் தொடையில் நுள்ளினாள். "எழும்புங்கோ. எழும்பிச் சொல்லுங்கோ."

எழும்பினான். கைதட்டல் தேய்ந்து நின்றது. ஊர் அவனைப் பார்த்தது. முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் யார் டினேஷ் என்று தெரியும். கோயில் வாசலில் நின்று பாடமாக்கியவர்கள்தானே. ஒருவராவது வாயைத் திறப்பார்கள் என்று அவன் பார்த்தான். ஆட்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள், கடலைப் பார்த்தார்கள். தானே சொல்லலாம். சொன்னால் அண்ணன் உள்ளே போவான். பொய் அட்டை வைத்திருந்ததற்குத் தானும் போகவேண்டும். பிறகு கிருஷிகாவின் கடதாசியில் இருக்கிற தகப்பன் யார்?

மேடையில் நின்ற அண்ணன்தான் முதலில் வாய் திறந்தான். "அங்க பாருங்கோ, என்ர தம்பி றொகானும் சந்தோசத்தில எழும்பி நிக்கிறான். அவனுக்கும் ஒருக்காக் கைதட்டுங்கோ!"

தட்டினார்கள். முதலில் சப்பாத்தைப் பார்த்தவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். டினேஷ் உட்கார்ந்தான்.

வீட்டில் அன்றைக்கு மாலையே சண்டை. "ஊருக்குத்தானே குடுத்தனான்," என்றான் அண்ணன். "என்ர பேரில ஒரு கட்டிடம் நிக்கட்டும்."

"ஆற்ற பேரில?"

அண்ணன் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தான். "நீ மட்டுமே இழந்தனி?" என்றான் பிறகு. "இருபது வருசம் நான் அடிச்ச ஒவ்வொரு கோலுக்கும் உன்ர பேரைத்தானேடா கத்தினாங்கள். என்ர பேரை ஒருத்தன் கத்தி நான் கேட்டதில்லை."

டினேஷுக்கு உள்ளே ஏதோ இளகியது. வலை கழன்று விழுந்த அந்த நாளின் அண்ணன் ஒரு கணம் தெரிந்தான். பாவம் என்றுதான் நினைத்தான்.

"சரி, அதை விடு," என்றான் அண்ணன். "ஒரு கிழமைக்குள்ள வாடியைப் பிரிச்சு வலையளை எடுத்துப்போடு. கல்லு வைக்கப்போகினமாம்."

இளகியது அதோடு இறுகிவிட்டது.

கல் வைத்தார்கள். கறுப்புப் பளிங்கு, பொன் எழுத்து. டினேஷ் லெம்பேட் அன்பளிப்பு என்று அதில் வெட்டியிருந்தது. வாடியின் முன்பக்க ஓலையைப் பிரித்து அந்த இடத்தில் நட்டார்கள். கல்லுக்கு மேல் கட்டிடம் எழவில்லை. ஏனென்றால் கடிதம் உறுதிப் பத்திரம் ஆகாது. நொத்தாரிசுக்கு முன்னால் கையெழுத்து வேண்டும். பெனடிக்ற் திங்கட்கிழமை போவோம் என்று கேட்க, "ரெண்டு நிமிச வேலை அண்ணை" என்று சொன்ன நட்சத்திரம், ஞாயிறு பின்னேரமே மாலைதீவுக்கு உதவிப் பயிற்றுநராகப் பறந்துவிட்டான். டினேஷ் அதைக் கேட்டுக் காமிலின் கடையில் வயிறு நோகச் சிரித்தான். ஐந்து வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த நாள் விடியப் போய், பிரித்த ஓலையைத் திரும்பக் கட்டினான். படகை இழுத்து ஏற்றினான். ஈர வலையைக் கல்லின் மேல் விரித்துக் காயப்போட்டான். உயரம் அதற்கு அளவாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குப் பெனடிக்ற் கழகத்தின் புதிய ஆட்கள் மூன்று பேரோடு வந்தார். அவர்கள் மடுவுக்குப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே பெண் எடுத்துக் குடியேறியவர்கள், பழைய கதை தெரியாதவர்கள்.

"றொகான், இது என்ன வேலை? கழகக் காணியில வலை போட்டிருக்கிறாய். எடு."

டினேஷ் வலை ஊசியைக் கீழே வைக்கவில்லை. "கல்லை வாசியுங்கோ பெனடிக்ற் அண்ணை. வலையை விலத்திப்போட்டு வாசியுங்கோ."

"அதில என்ன வாசிக்க இருக்கு? டினேஷ் தந்த காணி."

"ஓம். டினேஷின்ர காணி. கல்லில பொய் இல்லை. அவன் எப்ப தந்தவன் எண்டு நீங்கள்தான் சொல்லவேணும். ரெண்டு பேரில ஆர் டினேஷ் எண்டு உங்களைவிட வடிவாத் தெரிஞ்ச ஆள் இந்த ஊரில இல்லை. இந்தத் தம்பிமாரும் கேக்கட்டும், கதிரை ஒண்டு கொண்டுவரட்டே ஏறி நிண்டு சொல்ல?"

மூன்று பேரும் பெனடிக்ற்றைப் பார்த்தார்கள். "இவர் என்ன சொல்லுறார் தலைவர்?" என்று ஒருவர் கேட்டார்.

பெனடிக்ற்றின் முகம் வெளிறியது. ஞானஸ்நானத் துண்டுகளை மாற்றியது அவர், கந்தோர் ஏறி இறங்கியது அவர், ஒவ்வொரு விண்ணப்பத்திலும் சாட்சிக் கையெழுத்து அவருடையது. மற்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, டினேஷின் காதருகே குனிந்தார்.

"டினேஷ்," என்றார். இருபது வருடத்தில் முதல் தடவை. "டினேஷ், இதை ஆக்களுக்கு முன்னால கதைக்க வேண்டாம். நீ இரு. நீ இங்கயே இரு."

தன் பேரைத் திரும்பக் கேட்டால் எப்படி இருக்கும் என்று டினேஷ் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறான். களவெடுத்தவனின் வாயிலிருந்து, அதுவும் குசுகுசுப்பாக வரும் என்று நினைக்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கோ," என்றான்.

பெனடிக்ற் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போனார். வலை இன்றைக்கும் அந்தக் கல்லில்தான் காய்கிறது.